காற்றாடியில் களிமண்

…இல்லை, இந்தத் திருகு இந்தத் துளைக்கு உரியது அன்று, இது சற்றுக் குட்டை, மேல்மூடித் திருகுகளை ஒரு கிண்ணத்திலும் உள்ளே இருந்தவற்றை வேறொரு கிண்ணத்திலும் போட்டுவைக்க வேண்டும் என்று தொடங்கும்போதே எண்ணியதுதான், எண்ணியதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே சில்வர் தட்டில் கொட்டிவிட்டு இப்போது ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னல் ஒளிக்கு நேரே பிடித்துப் பார்ப்பது என்ன புத்தியோ… சோமசேகரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இமைகளை அழுத்தித் துடைத்துக்கொண்டார். திறந்ததே தவறான பக்கம். காலணி வாங்கினால் கொடுப்பார்களே, அந்த அட்டைப்பெட்டியின் அளவே உடைய இந்தக் கணினிக்கு இரண்டு வயிறுகள்; ஒன்றில் தாய்ப்பலகை, மறுபக்கம் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் கிராபிக்ஸ் கார்டு, இரண்டையும் மேலே ஒரு பட்டை வடம் நாடா போல வளைந்து இணைக்கிறது என்று கார்டு விற்ற கடைக்காரி படம் வரைந்தே காட்டினாள், காட்டியும் அவர் இடப்பக்கத்தைத் திறந்தார், வலப்பக்கத்தைத் திறக்கவேண்டும். மனைவி அன்னலட்சுமி வாடகைக் காரில் ஏறிப் போய் நெடுநேரம் ஆயிற்று. மருத்துவமனை இங்கே தம்போயிலேயேதான், தூரமில்லை; ஆனால் மருந்து வாங்கவேண்டும், டாக்டரம்மாவைப் பார்க்கவேண்டும், மகனுடைய உடுப்புகளைத் திரும்பப் பெறவேண்டும். நீங்களும் வாங்கோவன் என்றாள். நான் வந்தால் இதை யார் முடிப்பது என்றார். அவள் காருக்குள் குனிந்து ஏறினாள், சேலைத் தலைப்பு கதவில் அகப்பட்டுக்கொண்டது, ஓட்டுநர் இறங்கி வந்து திறந்து எடுத்துவிட்டார். பிள்ளையை அழைத்துவரத் தகப்பன் போகாதது சரிதானா? சரிதான். அவன் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் இது. அவன் இந்த அறைக்குள் காலெடுத்து வைக்கும்போது இது உள்ளே பொருந்தி, ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கேட்டான், உண்மையாகவே கேட்டான், அது கற்பனை அன்று. வார்டில் சன்னலோரக் கட்டில், பச்சை உடுப்பு, கழுத்தெலும்பு தனியே துருத்திக்கொண்டு நிற்கிறது. சேர்த்த நாள் தொட்டு அவன் எவரோடும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்தால் பார்ப்பான், எடுத்துக்கொண்டு போனாலும் பார்ப்பான். சோமசேகரம் நாள்தோறும் சென்று கட்டிலருகே நின்றார். நிற்பதைத் தவிர அங்கே செய்வதற்கு யாதொன்றும் இல்லை, நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை, கைகளை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. என்ன வேணும் தம்பி, சொல்லு, அப்பா வாங்கிக்கொண்டு வாறன்… இதையே எத்தனை முறை கேட்டிருப்பார்! ஒரு நாள் அவன் முகத்தைப் பார்க்காமல் அவருடைய கைகளையே நெடுநேரம் பார்த்தான். பிறகு சொன்னான்: “அந்தக் கிராபிக்ஸ் கார்ட் பழசாப் போச்சுது அப்பா. மாத்த வேணும்.” எத்துணை தெளிவான வாக்கியம்! சோமசேகரம் தாதியிடம் ஓடினார், பேசிவிட்டான் என்றார், டாக்டரம்மாவிடமும் சொன்னார். அந்த மலாய்ப் பெண்மணி தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டாளே தவிர மகிழ்ந்ததாகத் தெரியவில்லை, அவளுக்கு என்ன தெரியும், முப்பது வயதுப் பிள்ளை ஒரு பொருளை வேண்டும் என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவளுக்கு எங்ஙனம் தெரியும்… வேண்டும் என்பவன் வாழ விரும்புகிறவன் அல்லனோ? அன்று வீடு திரும்பியவர் நேரே இந்த அறைக்கு வந்து, இரும்பு அடிக்கோலால் பெட்டியின் நீள அகலங்களை அளந்துகொண்டு ஜொகூர் பாருவுக்குப் பேருந்து ஏறினார்.

கடைக்காரி ஒரு சீனப் பெண்மணி, நடுத்தர வயது, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. அளவைக் கேட்டதும் சிரித்துவிட்டாள், அங்கிள், கொத்தாக் கெச்சில், மாவ் காட் பெசார், பெட்டி சின்னது, கார்டு பெரிது வேண்டுமா, எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள் என்றாள். விலை கூடியது நல்லது என்று எண்ணிவிடாதே, நீளம் பார், தடிப்புப் பார், உள்ளே காற்று வந்துபோக இடம் இருக்கிறதா என்று பார் என்றாள். யாருக்கு என்றாள். மகனுக்கு என்றார். மகன் வரவில்லையா என்றாள். வேலை என்றார். நா எத்துணை விரைந்து சொல்லிவிடுகிறது! இவ்வளவு சிறிய பெட்டி எதற்கு, பெரியதாக வாங்கியிருக்கலாமே என்று அவரே ஒரு காலத்தில் மகனிடம் கேட்டதுண்டு. முதுகுப்பையில் வைத்துத் தூக்க வேணுமே அப்பா என்றான். சிங்கப்பூரில் படங்களுக்குக் கணினியில் உருவங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை, அங்கே வாடகை அறையில் வெள்ளிக்கிழமை வரை, பிறகு பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு கடற்பாலத்தில் பேருந்து நின்றுவிட்டால் இறங்கி நடந்தே வந்துவிடுவான். சுங்க அதிகாரி பையைத் திறக்கச் சொன்னதையும், இது சோறு ஆக்கும் பானையா என்று கேட்டதையும் வந்து சொல்லிச் சிரித்தான், சிரிக்கிறவனாக இருந்தான், அன்னலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அவன் கடைசி முறையாகப் பெட்டியை இறக்கி இந்த மேசைமீது வைத்தான், கதவைச் சாத்தினான்.

அதன்பின் அந்தக் கதவு… வலப்பக்கத் திருகு ஒன்று இறுகிக்கிடக்கிறது, துணியை வைத்துத் திருப்பினால் வரும்… அந்தக் கதவுக்கு ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. முதன்முதலாகச் சொன்னது யார், அவளா, தாமா? செரம்பானிலிருந்து அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை பிரேமளா வந்திருந்தபோது, எங்கே மகன் என்று கேட்டாள், வெளியில் வரவில்லையே என்றாள். உள்ளே மீட்டிங்கில இருக்கிறான், இப்ப வீட்டில இருந்தே சிங்கப்பூருக்கு வேலை செய்யிறான் என்று அன்னலட்சுமி சொன்னாள், ஆம், அவள்தான், ஆனால் ஓமோம் என்று தலையாட்டியவர் இவர். அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம், மூன்று தலைமுறையாக எவனும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான் என்ற சொல் இல்லை. வேலை போய்விட்டது என்று சொல்வதற்குக்கூட வாய் வரும், அறைக்குள் படுத்துக்கிடக்கிறான், குளிப்பதில்லை, பேசுவதில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? பிரேமளா பெரிய விழிகளோடு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், மீட்டிங்குக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று தேநீர்க் கோப்பையைக்கூட ஓசைப்படாமல் வைத்தாள். அந்நேரம் பார்த்து மகன் சிவகணேசன் கதவைத் திறந்துகொண்டு, கலைந்த தலையும் கசங்கிய சாரமுமாக நடந்து வந்து, குழாயடியில் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். இடைவேளை விட்டிருக்கினம் போல என்றாள் அன்னலட்சுமி. அதற்குப் பிரேமளா, பாவம் பிள்ளை, சிங்கப்பூர்க்காரர் பிழிஞ்செடுக்கிறாங்கள் என்றாள். அதிலிருந்து அச்சொல் வீட்டிலேயே தங்கிவிட்டது. கோயிலில் கேட்டாலும் மீட்டிங், கல்யாண வீட்டில் கேட்டாலும் மீட்டிங். நாளடைவில் அவர்கள் இருவரும் தனியே இருக்கும்போதுகூட, அவன் என்ன செய்கிறான் என்று இவர் கேட்டால், கொம்பியூட்டரோட இருக்கிறான் என்று அவள் சொன்னாள், இவருக்கும் அது போதுமாக இருந்தது, ஏதோ விளையாடுகிறான், ஏதோ பார்க்கிறான், ஏதோ ஒன்றோடு இருக்கிறான்… கல்யாண வீடுகளில் புதியவர்கள் எங்கே வீடு என்று கேட்பார்கள். தம்போய் என்றால் உள்ளேயா வெளியேயா என்று கேட்டுவிட்டுத் தாமே சிரிப்பார்கள், அந்த மனநல மருத்துவமனையை எண்ணி. ஜொகூர்க்காரர்களுக்கு இது சலிக்காத வேடிக்கை. இவரும் இத்தனை காலம், இன்றைக்கு வெளியே, நாளைக்குத் தெரியாது என்று பதில் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

திருகு வந்துவிட்டது. துளையிட்ட தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தார். முதலில் அது என்னவென்று விளங்கவில்லை, கார்டின் உறுப்பு என்றே எண்ணினார், சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு மூடி என்று… பிறகு மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மண். கார்டைக் குளிர்விக்கும் காற்றாடியின் இதழ்களுக்கும் சுற்று வளையத்துக்கும் இடையே, விரல் விரலாக உருட்டி அடுக்கி வைத்தாற்போல் களிமண் குழாய்கள். குளவிக்கூடு! சீ என்று நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்தார், கொட்டிவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம், சுகாதாரப் பரிசோதகனாக இருந்தவன் வீட்டிலா என்ற அருவருப்பு மறுபுறம். ஒன்றையும் யோசிக்காமல் திருப்புளியின் நுனியைக் கொடுத்து நெம்பினார், மண் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து செய்தித்தாளில் விழுந்தது, சுரண்டினார், தூள் பறந்து இருமல் வந்தது, தாளை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்து லோங்கானில் கொட்டி, குழாயைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரும் விட்டார். சாக்கடையில் எதையும் கொட்டலாகாது என்று ஊர் ஊராகச் சொன்னவர், சொன்னதற்குச் சம்பளமும் வாங்கியவர்! அடுத்த வீட்டு ஐயாசாமி அதைத்தான் பிடித்துக்கொண்டார். கூலாய்ப் பக்கம் செம்பனை லாரி ஓட்டி ஓய்ந்தவர், இந்நேரத்தில் வேலியோரம் நிற்பதே அவருக்கு வேலை.

“என்னா சார், லோங்கான்ல கொட்டுறீங்க, கவுன்சில்காரன் வந்து சம்மன் குடுக்கப் போறான்.”

குளவிக்கூடு என்றார் சோமசேகரம், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

“அலமாக், கொளவிக் கூட்டையா ஒடச்சீங்க? அது கட்டுனா வீட்டுல தொட்டில் கட்டுவாங்கன்னு சொல்லுவாங்களே சார். தம்பிக்கு மொதல்ல பொண்ணப் பாருங்க லா, எந்நேரமும் மீட்டிங் மீட்டிங்னு இருந்தா கொளவிதான் வந்து குடித்தனம் பண்ணும்.” சிரித்தார் அவர். பின்பு குரலை இறக்கி, தம்பியக் கொஞ்ச நாளா காணமே, சிங்கப்பூரா என்று கேட்டார். ஆமாம், இன்றைக்கு வருகிறான் என்று சோமசேகரம் விடை சொல்லிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், திருப்புளியைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் அது அவரை எட்டியது. ஐயாசாமி சொன்ன குடித்தனம் என்ற சொல்லின் வழியாக எட்டியதோ, கையிலிருந்த மண் வாடையின் வழியாக எட்டியதோ… ஓடுகிற காற்றாடியில் குளவி கூடு கட்டாது. ஒருமுறை சுவிட்சைப் போட்டிருந்தாலும் ஈர மண் தெறித்துப் போயிருக்கும். ஒரு குழாய் கட்டுவதற்கு அது எத்தனை தடவை மண் சுமந்து வரவேண்டும், அடுக்கடுக்காக அத்தனை குழாய்கள், அத்தனையும் காய்ந்து கல்லாகிக் கிடந்தனவே… ஆகவே இது ஓடவில்லை. நேற்று முன்தினம் தொட்டு அல்ல, அவனை வார்டில் சேர்த்த நாள் தொட்டும் அல்ல, அதற்கும் முன்னே, வெகு முன்னே. அப்படியானால் பிரேமளா கோப்பையை ஓசைப்படாமல் வைத்த அன்று? தைப்பூசத்துக்குக் கூப்பிட்டு, வரவில்லை என்றபோது, அந்தக் கொம்பியூட்டரைக் கட்டிக்கொண்டு அழு என்று இவர் கதவுக்கு வெளியே நின்று கத்திய அன்று? கதவின் வழியே ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்ததே, உர்ரென்று, அதுதான் கணினி என்று நினைத்திருந்தாரே… தலையைத் திருப்பினார். கட்டிலின் கால்மாட்டில் நிற்கிற மின்விசிறி. அது. வீடு வீடாகப் போய்ப் பூச்சட்டித் தட்டுகளையும் கூரைத் தாழ்வாரங்களையும் கைவிளக்கு அடித்துப் பார்த்துக் கொசுப்புழுவைத் தேடிய கண்கள், ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் நெளிவதையும் கண்டுபிடித்த கண்கள். இந்தத் துளைத் தகட்டின் ஊடே உற்று நோக்கியிருந்தால் வெளியிலிருந்தே தெரிந்திருக்கும். விளையாடுகிறான் என்று கோபித்தோமே, விளையாடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திரை இருட்டு, பெட்டி இருட்டு, அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தானா, படுத்திருந்தானா, காலை முதல் மாலை வரை ஒருவன் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பான்? சுவரையா? சுவரில் ஒன்றும் இல்லை. சோமசேகரம் அந்தச் சுவரைப் பார்த்தார்.

பிறகு, அந்த வாக்கியம். கார்டு பழசாகிவிட்டது, மாற்றவேண்டும். ஓடாத பெட்டிக்கு எதற்குப் புதுக் கார்டு? மெல்ல மெல்ல, விரும்பாமலே, அவர் அந்தக் கட்டிலருகே மறுபடியும் போய் நின்றார், அவன் முகத்தைப் பார்க்காமல் தம் கைகளைப் பார்த்ததை நினைத்தார், செய்வதற்கு ஒன்றுமின்றித் தொங்கிய கைகள்… அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவன், தன்னிடம் மிஞ்சியிருந்ததைத் திரட்டி, நிற்கிற மனிதரைப் பார்க்கச் சகியாமல், போய் ஏதாவது செய்துகொண்டிருங்கோ என்று அனுப்பிவைத்திருக்கிறான். அவரும் அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினார். இப்போது என்ன செய்வது? புதுக் கார்டைப் பெட்டியிலேயே வைத்துவிடலாமா? வைத்துவிட்டு? அவன் வந்து கேட்டால்? கேட்கமாட்டான். கேட்கமாட்டான் என்று தெரிந்துகொண்டே அவர் பழைய கார்டின் கொக்கியை அழுத்தினார், மின்சார வடத்தைப் பிடுங்கினார், கார்டு நெறுக்கென்ற ஓசையோடு கழன்று வந்தது, கைகள் தம்பாட்டில் செய்துகொண்டு போயின, ஏனெனில் நிறுத்தினால் அந்தச் சுவரைத்தான் பார்க்கவேண்டும். புதியது நீளத்தில் பொருந்தியது, தடிப்பிலும் பொருந்தியது. பட்டை வடத்தின் முனையில் வைத்து அழுத்தும்போது உடைந்துவிடும் என்று பயந்தார், உடையவில்லை, டிக் என்று அமர்ந்தது. பின்புறத்தில் மூடி இல்லாமல் ஒரு சந்து இருந்தது, குளவி நுழைந்த வழி அதுவாகத்தான் இருக்கும், பழைய உறுப்புகளிடையே ஒரு தகடு கிடந்தது, அதை வைத்து இறுக்கிச் சந்தை அடைத்தார். மின்சார வடந்தான் மல்லுக்கு நின்றது, இந்தக் கார்டில் அதன் வாய் மேற்பக்கமாக இருந்தது, வடம் வளைந்து பிதுங்கி, தகட்டை மூடவிடாமல் முதுகைக் கொடுத்துத் தள்ளியது. வெளியே வாங்கிக் கீழே நுழைத்தார், அங்கேயும் இடம் இல்லை. இவ்வளவு சிறிய இடத்துக்குள் எல்லாவற்றையும் திணித்து வாழவேண்டும் என்று யார் சொன்னது… அன்னலட்சுமி தொலைபேசியில் அழைத்தாள். வெளிக்கிட்டிட்டம், காருக்காக நிக்கிறம் என்றாள். சாப்பிட்டானா என்றார். பாதி சாப்பிட்டவன் என்றாள். மாத்திரை வாங்கிவிட்டாயா என்றார். வாங்கிவிட்டாளாம். பிறகு அவள், பக்கத்தில் அவன் இருப்பதால் குரலைத் தாழ்த்தி, பிரேமளா ரெண்டு தரம் எடுத்திட்டாள், நான் என்னத்தைச் சொல்ல என்று கேட்டாள். சோமசேகரம் குளவியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், கதவுக்குள் ஒன்றுமே நடக்கவில்லையடி, நாங்கள் ஊருக்குச் சொன்ன பொய்யில் பாதியாவது உண்மை என்று நாங்கள் நம்பினோம், அந்தப் பாதியும் இல்லையடி என்று… ஒன்றும் சொல்லாதே, வா என்றார்.

வடத்தைப் பட்டையின் அடியால் விட்டால் இடம் இருந்தது. மூடினார். திரையின் கம்பியைப் புதுக் கார்டில் செருகிச் சுவிட்சைப் போட்டார். காற்றாடிகள் ஒருமுறை சுழன்றன, காற்று விரலில் பட்டது, திரை வெளுத்தது… உடனே காற்றாடிகள் நின்றுபோயின. நின்றேவிட்டன. தகட்டின் ஊடே கைவிளக்கை அடித்துப் பார்த்தார், அசைவில்லை. கெடுத்துவிட்டோம். மண் தூள் வடத்தின் வாய்க்குள் போயிருக்கும், அழுத்தியபோது ஏதோ முறிந்திருக்கும், அவன் வருகிற நேரம் பார்த்து… பதற்றத்தோடு அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளை விரித்தார், பல மொழிகளில் பொடி எழுத்து, மலாய்ப் பகுதியைத் தேடிப் படித்தார்: கார்டுக்கு வேலை இல்லாத நேரங்களில் காற்றாடிகள் தாமே நின்றுவிடும், இது பழுதன்று. இரண்டாம் முறையும் படித்தார். பழுதன்று. சரி. திரையில் சிவா என்ற பெயரும் அதன்கீழ் கடவுச்சொல்லுக்கான வெற்றுக் கட்டமும் வந்து நின்றன, குறி மட்டும் விட்டுவிட்டு மின்னியது. அவர் விசைப்பலகையைத் தொடவில்லை, மேசையைத் துடைத்தார், மண் தூளைத் துடைத்தார், பழைய கார்டைப் புதியதன் பெட்டிக்குள் வைத்து அலமாரியின்மேல் ஏற்றினார், திருகுகளில் ஒன்று மிஞ்சியிருந்தது, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வந்துவிட்டார்கள். வாயிற்கதவு இழுபடும் ஓசை, ஐயாசாமி வேலிக்கு அப்பாலிருந்து, வாங்க தம்பி, எளச்சிட்டீங்களே என்று சொல்வது, அன்னலட்சுமி எதையோ சொல்லிச் சமாளிப்பது. சிவகணேசன் அறைக்குள் வந்தான். சட்டை அவனுடையதுதான், ஆனால் வேறொருவனுடையதைப் போட்டுக்கொண்டவன் போல இருந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால்களின்மேல் கைகளை வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். புதுக் கார்ட் போட்டாச்சு தம்பி, ஓடுது, சத்தமே இல்லை, நிக்கிறதுபோல இருக்கும், ஆனால் பழுதில்லை என்று சோமசேகரம் ஒரே மூச்சில் சொன்னார். அவன் எழுந்து வந்து பெட்டியைச் சற்றுத் திருப்பி அதன் பின்புறத்தைப் பார்த்தான். விரலால் அந்தத் தகட்டைத் தடவினான்.

“இந்தச் சந்தை அடைச்சிட்டியளோ?”

ஓம், தூசி போகும் எண்டு, என்றார்.

“அதுக்குள்ளை ஒரு குளவி வந்து கட்டினது. அது கட்டத் தொடங்கினதாலைதான் நான் பிறகு சுவிட்ச் போடேல்லை.” பிறகு, வார்டில் சேர்ந்தது தொட்டு முதன்முறையாக, தகப்பனுடைய முகத்தை நேரே பார்த்தான். “அதுகள் பறந்திட்டுதோ அப்பா?”

“ஓம் தம்பி. எல்லாம் பறந்திட்டுது. வெறுங்கூடுதான் இருந்தது.”

சொல்லியாயிற்று. எண்ணிப் பார்க்கும்முன் சொல்லியாயிற்று, அவ்வளவு இயல்பாக, அவ்வளவு தெளிவான உச்சரிப்போடு. சிவகணேசன் தலையை அசைத்தான். நல்லது என்று சொன்னதுபோல் இருந்தது, சொல்லாமலும் இருக்கலாம். கதவைச் சாத்திவிடுங்கோ அப்பா என்றான்.

அவர் வெளியே வந்து சாத்தினார், சாத்திய கையைக் கதவிலிருந்து எடுக்காமல் நின்றார். அடுப்படியில் அன்னலட்சுமி மாத்திரை உறைகளைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் ஓசை. குஞ்சு பறந்துபோன குழாயில் துளை இருக்கும்; அப்படித் திறந்த துளை இருந்ததா, எல்லாம் அடைத்தபடி இருந்தனவா? அவர் பார்க்கவில்லை. இத்தனை ஆண்டு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர், கையில் எடுத்ததை, பெயர்த்துத் தாளில் கொட்டியதை, ஒரு நொடி ஒளிக்கு நேரே பிடித்துப் பார்க்கவில்லை. லோங்கானில் கரைத்துத் தண்ணீரும் விட்டாயிற்று. உள்ளே உயிர் இருந்திருக்குமோ? இருந்திருந்தால்… அவன் அதற்காகச் சுவிட்சைப் போடாமல் இருந்தானாம். இது நோயா, இரக்கமா? வெறுஞ்சுவர் என்று இவர் நினைத்த அத்தனை நாளும் அவன் துளைத்தகட்டின் ஊடே அதைப் பார்த்துக்கொண்டு இருந்தானா, அது மண் கொண்டுவருவதையும் போவதையும்? டாக்டரம்மாவிடம் சொல்லவேண்டிய செய்தியா இது, சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டியதா? இந்த மாவட்டத்தில் எந்த வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார், சட்டம் அவர் பக்கம் இருந்தது. தட்டினால் என்ன கேட்கவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. இப்போது இதைத் தட்டினால் என்ன கேட்பார்? சாப்பிடுகிறாயா, மாத்திரை போட்டாயா, கார்டு சரியாக இருக்கிறதா… எல்லாம் பரிசோதகன் கேட்பவை, விடையைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். அவன் கேட்டானே ஒன்று, அப்படி ஒன்றை இவர் அவனிடம் எப்போதாவது கேட்டதுண்டா? ஒன்று இருக்கிறது. அந்தக் குளவி என்ன நிறம் தம்பி, கறுப்போ, மஞ்சளோ, எந்நேரத்தில் வரும், மண்ணை எங்கேயிருந்து எடுத்துவந்தது… இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு மெய்யாகவே ஆசை எழுந்தது. கதவைத் தட்டுவதற்கு விரல்களை மடக்கினார். ஆனால் கேட்டால் அவன் சொல்லுவான், சொல்லிவிட்டு அவனும் ஒன்று கேட்பான், எத்தனை துளை திறந்திருந்தது அப்பா என்று. உள்ளே எவ்வித ஓசையும் இல்லை. மடக்கிய விரல்களோடு அவர் அப்படியே நின்றார்.